மைனஸ் பத்தில் ஓட எந்த நெக் கெய்ட்டர்?

டொராண்டோவில் டிசம்பர் பிறந்துவிட்டால் ஓடுகிறவர்களுக்குள் ஒரு கேள்வி தவறாமல் கிளம்பும்: கழுத்துக்கு எதை வாங்குவது? ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் நாலு இடம் விசாரிக்கிறவர்கள்கூட நெக் கெய்ட்டர் (கழுத்தில் மாட்டி, வேண்டும்போது மூக்கு வரை இழுத்துக்கொள்ளும் துணிக்குழாய்) என்று வந்தால், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குவதில் ஒன்றை உருவிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். குளிர் ஓட்டத்தில் அதிகம் பாடுபடுத்துவது இந்தச் சின்னத் துணிதான். ஜாக்கெட் கொஞ்சம் முன்பின் ஆனால் வியர்க்கும், அவ்வளவுதான். கெய்ட்டர் சரியில்லை என்றால் அரை மணி நேரத்தில் வாய்க்கு முன்னால் ஐஸ் தகடு நிற்கும். அதைக் கீழே இறக்கினால் கன்னம் எரியும். மேலே வைத்தால் மூச்சு முட்டும்.

கடையில் நாம் கேட்பது, எது அதிகக் கதகதப்பு என்று. கேட்க வேண்டியது, மூச்சில் வரும் ஈரம் எங்கே போகும் என்று. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓடும்போது நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் இரண்டு கிராம் சொச்சம் நீராவிதான் இருக்க முடியும். அதே காற்று நுரையீரல் வரை போய்த் திரும்பும்போது முப்பது கிராமுக்கு மேல் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பெருக்கினால் நூறு கிராமைத் தாண்டும். மெல்லிய கெய்ட்டர் ஒன்றின் எடையே நாற்பது, ஐம்பது கிராம்தான். தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் துணியைக் கடந்தாக வேண்டும். எந்தத் துணியாலும் அவ்வளவையும் குடித்து வைத்துக்கொள்ள முடியாது. வழி விடுகிற துணி தப்பிக்கும். வழி விடாதது நனையும், நனைந்தது உறையும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாத் தீர்ப்பும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

எந்தக் குளிருக்கு வாங்குகிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். டொராண்டோ குளிர்காலம், இதைவிடக் கடுமையாக உறையும் வின்னிபெக் மாதிரியோ எட்மன்டன் மாதிரியோ கிடையாது. ஜனவரிக் காலைகள் பெரும்பாலும் மைனஸ் 2-க்கும் மைனஸ் 12-க்கும் நடுவில் இருக்கும். இடையிடையே மைனஸ் 20-ஐத் தொடும் நாட்களும் வரும். ஆனால் இங்கே ஏரி இருக்கிறது. ஒன்டாரியோ ஏரிக்கரையை ஒட்டிப் போகும் மார்ட்டின் குட்மன் பாதையில் ஓடியவர்களுக்குத் தெரியும், தெர்மாமீட்டர் ஒன்று சொல்லும், முகம் வேறொன்று சொல்லும். மைனஸ் 10-ல் மணிக்கு 20 கி.மீ. காற்று அடித்தால் காற்றும் சேர்ந்து தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று சொல்லும் காற்றுக்குளிர்க் (wind chill) கணக்குப்படி அது மைனஸ் 18. காற்றே இல்லாவிட்டாலும் நாம் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம்; முகத்துக்கு அது மைனஸ் 15-ஐத் தாண்டிய குளிர்தான். காற்றுக்குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம் என்று கனடிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. அந்த நாளில் கெய்ட்டர் சௌகரியத்துக்காகப் போடும் பொருள் இல்லை.

இன்னொன்று, எவ்வளவு நேரம் ஓடுகிறீர்கள் என்பது. மார்ச் கடைசி வாக்கில் ஹாமில்டனில் நடக்கும் அரவுண்ட் தி பே 30 கி.மீ. ஓட்டம் 1894-ல் தொடங்கியது. பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று வருடம் மூத்தது. அதற்குப் பயிற்சி எடுப்பவர்களின் நீண்ட ஓட்டமெல்லாம் ஜனவரி, பிப்ரவரியில்தான் வந்து விழும். இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் வெளியே இருப்பார்கள். நாற்பது நிமிட ஓட்டத்துக்கு எதைப் போட்டாலும் எப்படியோ சமாளித்துவிடலாம். துணியின் வண்டவாளம் தெரிய வருவது ஒரு மணி நேரத்துக்கு அப்புறம்தான்.

சரி, துணிகளுக்கு வருவோம்.

விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது மெல்லிய பாலியெஸ்டர் குழாய்த் துணி. எந்தக் கம்பெனி செய்தாலும் பலரும் பஃப் என்றே சொல்லும் ரகம். தையல் இல்லாத நீளக் குழாய், அரை மீட்டர் அளவுக்கு இருக்கும். ஒற்றையாகவும் போடலாம், மடித்து இரட்டையாகவும் போடலாம். பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. தண்ணீர் முழுக்க இழைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துகளில்தான் நிற்கும். அதனால் வீட்டுக்கு வந்து ஹீட்டர் பக்கம் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ஆனால் முகத்தில் இருக்கும்போது அதே காரணத்தால் உடனே ஈரம் தெரிகிறது. மூக்கு வரை ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே உதட்டில் சொதசொதவென்று ஒட்டும். சூடேறிவிட்டதே என்று இறக்கினால் அந்த ஈரப் பகுதி நேராகத் தொண்டைக்குழியில் போய் உட்காரும். 0 முதல் மைனஸ் 5 வரை, கழுத்தில் மட்டும் போட்டுக்கொண்டு எப்போதாவது மேலே இழுப்பதற்கு இது போதும். ஊட்டியில் ஜனவரி மாதம் புல்லில் உறைபனி கட்டும் காலையில் ஓடுகிறவர்களும் இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை.

அடுத்தது மெல்லிய மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி. நான் போடுவதும், கேட்பவர்களுக்குச் சொல்வதும் இதைத்தான்.

கம்பளி என்றாலே நமக்குச் சின்ன வயதில் போட்ட, கழுத்தெல்லாம் அரிக்கும் ஸ்வெட்டர்தான் ஞாபகம் வரும். அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத் தடித்த இழை முனைகள் தோலைக் குத்தும். கழுத்துத் துணிக்குப் போடும் நல்ல மெரினோ 17 முதல் 19 மைக்ரான். வளைந்து கொடுக்கும், குத்தாது. ஆனால் தோல் ரொம்ப மென்மையானவர்கள் கடையிலேயே கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, அங்கே எதுவும் அரிக்காது.

மெரினோவின் பலம் ஈரத்தைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீராவியை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடும். ஐம்பது கிராம் துணி பதினைந்து கிராம் வாங்கினால் என்ன பெரிய லாபம், மீதி எங்கே போகும் என்று மேலே போட்ட கணக்கை வைத்துக் கேட்கலாம். நியாயமான கேள்வி. மீதி வெளியேதான் போகிறது; பின்னல் மெல்லிசாக இருப்பதால் போக முடிகிறது. கம்பளி செய்யும் உதவி, உதட்டில் படும் பக்கத்தை அதிக நேரம் உலர்ந்த மாதிரி வைத்திருப்பது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அப்புறம் கழற்றிப் பார்த்தால் வெளிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பனி பூத்திருக்கும், உட்பக்கம் மிருதுவாகவே இருக்கும். பாலியெஸ்டரில் இரண்டு பக்கமும் சேர்ந்து விறைத்துக்கொள்ளும். வாடை விஷயத்திலும் மெரினோ பொறுமைசாலி. தினமும் துவைக்காவிட்டாலும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும்.

குறை இல்லாமல் இல்லை. விலை பாலியெஸ்டரைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு. சீக்கிரம் ஓட்டை விழும். முக்கியமாகத் தாடைக்கு நேராக, ஜாக்கெட் ஜிப் உரசுகிற இடத்தில். பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும்: மூக்குத்தி. மூக்குத்தியில் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் மெரினோ பின்னல் மாட்டிக்கொள்ளும். கையுறை போட்ட கையால் அவசரமாகக் கீழே இழுத்தால் துணியில் நூல் உருவும், மூக்கும் வலிக்கும். குளிர்கால ஓட்டங்களுக்கு நான் வழவழப்பான ஒற்றைப் பொட்டு மூக்குத்திக்கு மாறிக்கொள்கிறேன். உலோகம் குளிரைச் சட்டென்று தோலுக்குக் கடத்தும் என்பதால், கழுத்துச் சங்கிலியையும் கெய்ட்டருக்கு வெளியே விடாமல் பனியனுக்குள் தள்ளிவிடுவது நல்லது.

மெரினோவிலேயே இரண்டு கனம் விற்கிறார்கள். சதுர மீட்டருக்கு 125 கிராம் அளவில் ஒன்று, 250 கிராம் அளவில் ஒன்று. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் தடித்ததைத்தான் வாங்கத் தோன்றும். நான் மெல்லியதைத்தான் சொல்வேன். மெல்லியதை மடித்தால் தடித்ததாகிவிடுகிறது; தடித்ததை மெல்லியதாக்க வழியில்லை. மைனஸ் 3-ல் புறப்பட்டு, வெயில் ஏறி, உடம்பும் சூடாகிவிட்ட பிறகு தடித்த கம்பளி கழுத்தில் பாரமாகத் தொங்கும்.

ஃபிளீஸ் கெய்ட்டர் பார்க்கவும் தொடவும் ஆசையாக இருக்கும். பொசுபொசுவென்ற இழைகளுக்குள் காற்று தங்குவதால் அசையாமல் நிற்கும்போது நல்ல கதகதப்பு. வாசலில் பனி தள்ள, பஸ்ஸுக்குக் காத்திருக்க, பந்தயத் தொடக்கக் கோட்டில் நிற்க இதை அடிக்க ஆளில்லை. ஓட்டத்துக்கு என்று வந்தால் இரண்டு சிக்கல். எதிர்க்காற்று அதன் வழியே உள்ளே வந்துவிடும். கீழே இறக்கினால் தாடைக்கடியில் குவிந்து ஜாக்கெட் ஜிப்பை மேலே ஏற விடாது. பாதி ஃபிளீஸ், பாதி மெல்லிய துணி வைத்துத் தைத்த கலப்பு ரகம் ஒன்று உண்டு. கழுத்தில் ஃபிளீஸ், முகத்தில் மெல்லிசு. யோசனை நல்ல யோசனைதான். மைனஸ் 12-க்குக் கீழே, முக்கால் மணி நேரத்துக்குள் ஓடி முடிப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

காற்றுத் தடுப்புச் சவ்வு வைத்த கெய்ட்டர்தான் விளம்பரத்தில் முன்னால் நிற்பது. ஏரிக்கரைக் காற்றுக்கு இதுதான் சரி என்று யாருக்கும் தோன்றும். முகத்தின் வடிவத்துக்கு வெட்டி, மூக்குக்கு மேடு வைத்து, வாய்க்கு நேராகச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். காற்றை நிறுத்துவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் காற்று உள்ளே வர வழியில்லாத துணியில் மூச்சும் தாராளமாக வெளியே போக வழியில்லை. ஈரம் உள்பக்கமே துளியாகிக் கன்னத்தில் வழியும். துளைகளைச் சுற்றி ஐஸ் கட்டும். பனிச்சறுக்கில் மலையிறங்குபவர்களுக்கும் குளிரில் நிதானமாக சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் வேகம் அதிகம், மூச்சு வாங்குவது குறைவு. அவர்களுக்கு இது பொருந்தும். ஓடுகிறவர்களுக்கு நேர் எதிர்: வேகம் குறைவு, மூச்சு அதிகம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வடிவம் வெட்டிய கெய்ட்டருக்கு முன்பக்கம் என்று ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. அந்த இடம் உறைந்தால் முடிந்தது கதை. சாதாரண நேர்க்குழாய்க்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாய்க்கு நேரான இடம் ஐஸ் கட்டியதும் கழுத்தைச் சுற்றிக் கால் வட்டம் திருப்பினால் காய்ந்த இடம் முன்னால் வந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கால் வட்டம். மேல் கீழாகவும் புரட்டிப் போடலாம். விலை உயர்ந்த வேலைப்பாட்டைவிட ஒன்றுமில்லாத குழாய் நீண்ட ஓட்டத்தில் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். வாங்கும்போது அரை மீட்டர் நீளமுள்ளதாகப் பாருங்கள். இருபத்தைந்து, முப்பது சென்டிமீட்டரில் முடிந்துவிடும் குட்டைக் குழாயில் புரட்டிப் போட இடமே இருக்காது.

வீட்டில் இருக்கும் பருத்தி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. நடைக்குச் சரி. ஓட்டத்துக்கு வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, முடிச்சு அவிழும், தொங்கும் முனை கையில் மாட்டும்.

மைனஸ் 15-க்குக் கீழே, அதுவும் காற்றோடு என்றால், கெய்ட்டர் மட்டும் போதாது. குல்லாவுக்கும் கெய்ட்டருக்கும் நடுவில் காது மடல், தாடை ஓரம் என்று இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும். முதலில் உறைவது அந்த இடம்தான். அங்கே பாலகிளாவா, அதாவது நம்ம ஊர் மங்கி கேப்பின் மெல்லிய ஓட்டக்கார வடிவம், உதவிக்கு வரும். வாய்ப்பகுதியைத் தாடைக்குக் கீழே மடக்கி இறக்க முடிகிற ரகமாக வாங்குங்கள். ஒரே துணியாகத் தைத்ததில் சூடேறினால் குல்லாவோடு சேர்த்து முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். அதன் மேலேயே ஒரு மெல்லிய கெய்ட்டரையும் போட்டுக்கொண்டால் மைனஸ் 20 வரை சமாளிக்கலாம். அதற்குக் கீழே எந்தத் துணி என்று யோசிப்பதைவிட உள்ளே டிரெட்மில்லில் ஓடுவது மேல். உலகத் தரத்தில் பழகிய வீரர்களுக்கே மைனஸ் 20-க்குக் கீழே குறுக்குநாட்டுப் பனிச்சறுக்குப் போட்டி நடத்துவதில்லை என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதி வைத்திருக்கிறது.

ஓடி முடித்த பிறகு வறட்டு இருமல் வருகிறவர்கள், நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பட்டியலை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி காற்றின் வறட்சி. மூச்சுக்குழாயின் ஈரத்தை அந்தக் காற்று உறிஞ்சுவதால்தான் குழாய் சுருங்குகிறது. வாயை மூடிய துணியில் தங்கும் ஈரமும் வெப்பமும் அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பிப் போவதால், மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கும் அந்த ஈரமே இவர்களுக்கு மருந்து. கெய்ட்டரை ஓட்டம் முழுக்க மூக்குக்கு மேல் வைத்திருக்க வேண்டும். மெரினோவை இரண்டாக மடித்துப் போடுவது நல்லது. துணி போதவில்லை என்றால் வெப்பப் பரிமாற்றி வைத்த மாஸ்க் வகைகள் இருக்கின்றன. மூச்சை இழுக்கக் கொஞ்சம் கூடுதல் பலம் தேவைப்படும் என்பதால் வேகப் பயிற்சிக்கு அவை ஒத்துவராது. எதை வாங்கினாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். குளிரில் ஓடும் முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடி போடுபவர்களின் பாடு தனி. மூக்கை மூடினால் மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படியும்; மைனஸ் 10-ல் அது பனிப்படலமாக உறைந்துவிடும், துடைத்தாலும் போகாது. துணியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது, போடும் விதத்தில்தான் தீர்க்க வேண்டும். கெய்ட்டரை மூக்கு நுனிக்குக் கீழே, மேலுதட்டை மூடும் அளவுக்கு நிறுத்துங்கள்.  குழாயின் வாய் தொளதொள என்று இல்லாமல் கன்னத்தோடு ஒட்டி நிற்கிறதா என்பதை இவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும். நாள்பட்ட பாலியெஸ்டர் நெகிழ்ந்துபோய் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். கடையில் மூக்கு வரை ஏற்றி, தலையை இரண்டு பக்கமும் திருப்பி, நாலு வார்த்தை பேசி, நின்ற இடத்திலேயே கொஞ்சம் குதித்துப் பாருங்கள். அப்படியும் இறங்காமல் நின்றால் வாங்கலாம்.

ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால் நீளமான மெல்லிய மெரினோக் குழாய். இரண்டு வாங்க முடியும் என்றால், தடித்த ஒன்றுக்குப் போகாமல் அதோடு மெல்லிய பாலியெஸ்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டத்தில் மெரினோ முகத்தில் இருக்கட்டும். பாலியெஸ்டரைச் சுருட்டி ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூடு படும் இடத்தில் வையுங்கள். முதலாவது எல்லாப் பக்கமும் உறைந்த பிறகு கதகதப்பான, உலர்ந்த துணி கைக்கு வரும். புறப்படும்போது எதிர்க்காற்றில் போய், காற்று முதுகில் படும்படி திரும்பி வருவதுபோல வழியைப் போட்டுக்கொண்டால் பல நாள் இரண்டாவதற்கு வேலையே வராது. முகத் துணி காய்ந்திருக்கும் முதல் பாதியிலேயே காற்றின் அடியை வாங்கி முடித்துவிடலாம். வியர்த்த உடம்பும் நனைந்த கெய்ட்டருமாக எதிர்க்காற்றில் வீடு திரும்புவது எந்த விலைத் துணியாலும் சரிசெய்ய முடியாத அவஸ்தை.

மெரினோவைக் குளிர்ந்த நீரில், கம்பளிக்கான லேசான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயப் போடுங்கள். டிரையரில் போட்டால் சுருங்கும். பாலியெஸ்டரை மற்ற ஓட்டத் துணிகளோடு மெஷினில் போடலாம். துணி மிருதுவாக்கும் திரவத்தை இரண்டுக்கும் ஊற்ற வேண்டாம், இழைகளில் படிந்து ஈரம் கடத்துவதைக் கெடுத்துவிடும். கோடையில் மெரினோவை மூடிய டப்பாவில் வைப்பது பூச்சியிடமிருந்து காப்பாற்றும். வாங்குவதற்கு நல்ல நேரம் பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான். கடைகள் குளிர்காலச் சரக்கைத் தள்ளிவிட விலையை இறக்கும். வெளியே ஓடிப் பார்க்கக் குளிரும் மிச்சம் இருக்கும்.